முடுக்கனைப் பெற்றவள்

டயர் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் ஒரு கம்பெனி இருந்தது. கணினி விளையாட்டு செய்கிற கம்பெனி. கையில் வாளும் முதுகில் மூட்டையுமாகக் காடு மலையெல்லாம் சுற்றி, பூதங்களை மடக்கி, சாபங்களைத் தீர்த்து, கடைசியில் ஒரு கோட்டையைப் பிடிக்கிற வகை விளையாட்டு. அங்கே வரைகிறவர்கள் பூதத்துக்கு உடம்பு செய்வார்கள். வேறு சிலர் அதை நடக்கவும் உறுமவும் வைப்பார்கள். அது என்ன தின்னும், எதைக் கண்டால் நடுங்கும், யார் சாபத்தால் அப்படி ஆனது, அதற்கும் அதன் சித்தப்பாவுக்கும் என்ன தகராறு என்பதையெல்லாம் எழுத ஒருத்தி இருந்தாள். அலுவலகம் முழுக்க அவளைப் பூதக்காரி என்றே கூப்பிட்டது.

பூதக்காரி லேசுப்பட்டவள் இல்லை. ஒரு பூதத்தைப் பற்றி எழுதுவதற்கு முன் அதுவாகவே வாழ்ந்து பார்ப்பாள். சதுப்பு நிலப் பிசாசுக்காக ஈரச் சாக்ஸோடு மழைக்காலம் முழுக்க வேலைக்கு வந்தாள். எட்டுக்கால் பிராணி ஒன்றுக்காக நாற்காலி இரண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கழிவறை வரைக்கும் போய், கதவில் சிக்கி, டயர் கடைக்காரர் வந்து கழற்றிவிட வேண்டியதாயிற்று. அவர் இன்றும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

முடுக்கனும் அப்படிப் பிறந்தவன்தான். அவள் தன் அக்காவோடு குடியிருந்த கட்டடத்தில் மாடிப்படிக்குப் போகும் நடை ரொம்பக் குறுகல். மேல்வீட்டு இசை வாத்தியார் ஆள் பீப்பாய் மாதிரி. எதிரே யாராவது பையும் கையுமாக வந்தால் அந்த மனிதர் மூச்சை இழுத்து, வயிற்றை எக்கி, "போங்கம்மா, நான் சுவரோட சுவரா நின்னுக்கறேன்" என்பார். இரண்டு கை நிறையக் காய்கறியோடு அவரை உரசாமல் கடந்த ஒரு சாயங்காலம் பூதக்காரிக்குப் பளிச்சென்று பொறி தட்டியது. குறுகலான சந்துகளில் மட்டுமே குடியிருக்கும், எருமைக்கு அண்ணன் போன்ற ஒரு பூதம். பார்க்க பயங்கரம். வாளால் வெட்டினால் செத்துப்போகும். ஆனால், "கொஞ்சம் வழி விடுங்க" என்று மரியாதையாகக் கேட்டால் போதும், வயிற்றை எக்கிக்கொண்டு சுவரில் ஒட்டி நின்று, அந்த வாத்தியாரின் வார்த்தையையே சொல்லி அனுப்பிவைக்கும். முடுக்கில், அதாவது சந்தில், இருப்பதால் அதற்கு முடுக்கன் என்று பெயர் வைத்தாள்.

விளையாட்டு வெளிவந்தது. உலகமே முடுக்கன் மேல் விழுந்து புரண்டது. ஆளுயர அரக்கர்களை அநாயாசமாக வெட்டித் தள்ளியவர்கள் இவன் முன்னால் வாளைக் கீழே போட்டார்கள். அவன் கொம்பு வைத்த கம்பளித் தொப்பிகளைப் பின்னிப் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் தன் வீட்டு நடையையே இடித்துக் குறுக்கிக்கொண்டதாகக் கேள்வி.

அப்போதுதான் தம்பட்டம் வாயைத் திறந்தார்.

தம்பட்டம் என்றால் கம்பெனியின் தலைவர். முகத்துக்கு நேரே சார். முதுகுக்குப் பின்னே தம்பட்டம். தன்னைத் தவிர வேறு எதையும் அடித்து ஒலி எழுப்பத் தெரியாதவர். ஒரு பேட்டியில் கண் கலங்கச் சொன்னார்: "முடுக்கன் என் சின்ன வயசுக் கனவுல வந்தவன். காய்ச்சல்ல படுத்திருந்தப்ப என் கட்டில் பக்கத்துல வந்து நின்னான்." பேட்டி எடுத்த பெண் மூக்கைச் சிந்தினாள்.

கனவு போனால் போகட்டும் என்று பூதக்காரி பொறுத்துக்கொண்டாள். விளையாட்டை முழுதாக ஆடி முடித்தால் கடைசியில் திரையில் பெயர்கள் ஓடுமே, அதில் தன் பெயர் வரும் என்று அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்துக் காத்திருந்தாள். தம்பட்டத்தின் பெயர் ஆறு வேலைகளுக்கு ஆறு தடவை வந்தது. கதை, அவர். உயிரினங்கள், அவர். வரைந்தவர்கள், இசைத்தவர்கள், முதல் போட்டவர்கள் எல்லாரும் போனார்கள். கடைசியில் 'நன்றி' என்று ஒரு தலைப்பு. தண்ணீர் கேன் போடுகிறவர். டயர் கடைக்காரர். அலுவலகப் பூனை. பூனைக்கு அடுத்து அவள்.

அக்கா சலவைக் கடையில் கறை எடுப்பவள். எந்தக் கறைக்கு எந்தத் திரவம் என்று மூக்காலேயே சொல்லிவிடுவாள். கோபத்தையும் அப்படித்தான் மோந்து பார்ப்பாள்.

"பூனைக்கு அப்புறமாடீ?"

"ஆமா."

"அந்தப் பூனை என்ன எழுதிச்சு?"

"என் கீபோர்டுல படுத்துத் தூங்கும்."

"அப்ப அது உழைச்சிருக்கு. சரி, அந்தாளை என்ன பண்ணப் போற?"

"என்ன பண்ண முடியும்க்கா?"

"பண்றியோ இல்லையோ, மறந்துடாத. கறையை உடனே எடுக்கலேன்னா ஊறவெச்சுத்தான் எடுக்கணும். ஊற வை."

ஊறவைத்தாள். அலுவலகத்தில் சிரித்த முகமாகத்தான் இருந்தாள். பூனையைப் பார்க்கும்போது மட்டும் வயிறு எரியும். அதற்கும் அவள் மேல் ஏதோ சந்தேகம் வந்து மேசையை மாற்றிக்கொண்டது.

இரண்டாம் பாகம் எப்போது என்று உலகம் நச்சரிக்க ஆரம்பித்தது. முடுக்கன் பறப்பான் என்றார்கள் சிலர். கல்யாணம் செய்துகொள்வான் என்றார்கள் சிலர். அவன் உண்மையில் சபிக்கப்பட்ட இளவரசன் என்று ஒரு கூட்டம், இல்லை, சபிக்கப்பட்ட கதவு என்று இன்னொரு கூட்டம். இரண்டும் ஒன்றோடொன்று பேசுவதையே நிறுத்திவிட்டன. இந்தக் கூச்சலுக்கு நடுவே ஒரு நாள் தம்பட்டம் எல்லாரையும் நீள மேசையைச் சுற்றி உட்கார வைத்தார்.

"முதல் காட்சி. பேரரசன் அரியணையில இருக்கான். அவனுக்கு என் முகம் வெச்சுடுங்க, மூக்கு மட்டும் கொஞ்சம் எடுப்பா. அவன் கையை ஆட்டுறான். முடுக்கனை இழுத்துட்டு வர்றாங்க. வெட்டு! முடிஞ்சான். உலகமே அழணும்."

பூதக்காரி பேனாவைக் கீழே வைத்தாள். "சார், அவன் வழிவிடுறவன். வழிவிடுறவனை எதுக்கு வெட்டணும்?"

"ஏம்மா, நீ எழுத்தைப் பாரு. உயிரை நான் பாத்துக்கறேன்."

மேசையில் சிரிப்பு எழுந்தது. அவளைத் தவிரச் சிரிக்காதவர் ஒருவர்தான். பூதங்களின் வாலை மட்டும் அசைய வைப்பதுதான் அவர் வேலை. அவரை வால்காரர் என்பார்கள். முடுக்கனின் வாலைத் தம்பட்டம் திரும்பத் திரும்ப மாற்றச் சொல்லி, கடைசியில் முதலில் செய்ததையே எடுத்துக்கொண்டு, "பாத்தீங்களா, நான் சொன்ன மாதிரி செஞ்சா எப்படி வருது!" என்றிருந்தார். வால்காரர் அதை விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. கன்னத்தில் அடக்கி வைத்திருந்தார்.

அன்று சாயங்காலம் அக்கா வாசல் கதவைத் திறக்கும்போதே மோந்துவிட்டாள். "ஊறிடுச்சா?"

"ஊறிடுச்சு. அவனைக் கொல்லப் போறாங்க."

"அப்ப கசக்க வேண்டியதுதான். அந்தாளுக்கு எது பலவீனம், அதைச் சொல்லு."

பூதக்காரி யோசிக்கவே இல்லை. "தெரியாதுன்னு சொல்ல வராது."

அதை விளக்கியாக வேண்டும். தம்பட்டம் வெள்ளிக்கிழமை தோறும் மத்தியானத்தில் ரசிகர்களோடு நேரலையில் பேசுவார். யார் எதைக் கேட்டாலும் டக்கென்று பதில் வரும். எழுதி வைத்ததை அவர் ஒரு வரி படித்ததில்லை. வாய்க்கு வந்ததுதான் பதில். ஒரு தடவை, ஆற்றுக்கு அடியில் வாழும் நாகம் தண்ணீருக்குள்ளேயே நெருப்பைக் கக்கும் என்று சொல்லிவிட்டார். எப்படி என்று உலகம் கேலி செய்தது. அன்றே ஒரு சட்டம் போட்டார்: அவர் வாயிலிருந்து வெளியே போனது போனதுதான், அதை யாரும் மாற்றக் கூடாது, எழுத்துதான் வளைய வேண்டும். பூதக்காரி தலையில் அடித்துக்கொண்டு, அந்த நாகம் கன்னத்தில் சுட்ட சுண்ணாம்புக் கல்லை அடக்கிவைத்திருக்கிறது, தண்ணீர் பட்டதும் அது கொதிக்கிறது என்று எழுதினாள். கேலி பாராட்டாக மாறியது. பாராட்டு யாருக்குப் போனது என்று சொல்ல வேண்டியதில்லை. அது முதல் அவர் கொட்டுவதும் அவள் பெருக்குவதுமாக வண்டி ஓடியது.

"அவர் சொன்னா அது சட்டமா?" என்றாள் அக்கா.

"அவர் போட்ட சட்டம்."

"வாயைத் திறக்க வைக்க என்ன பண்ணணும்?"

"கேள்வி கேக்கணும். நான் கேட்டா கண்டுபிடிச்சுடுவாங்க."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து கணினி முன் உட்கார்ந்தாள். 'அறுந்த பொத்தான்' என்று தனக்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமைகளில் சலவைக் கடையில் வயிற்று வலி என்று பாதி நாள் லீவு சொல்ல ஆரம்பித்தாள்.

முதல் வெள்ளிக்கிழமை அறுந்த பொத்தான் கேட்டது: முடுக்கனுக்கு அம்மா உண்டா?

தம்பட்டம் கண்ணை மூடித் திறந்தார். "நல்ல கேள்வி! இருக்கா. இத்தனை நாள் நான் மறைச்சு வெச்சிருந்தேன். அவளைப் பார்த்தவங்க யாரும் திரும்பினதில்ல."

உலகம் வாயைப் பிளந்தது. அன்று மாலையே பூதக்காரி அம்மாவை எழுத உட்கார்ந்தாள். வளைந்து வளைந்து போகும் ஒரு சந்தைப் போலவே நீளமான உடம்பு. எங்கே தலை, எங்கே வால் என்று ஊர் பார்க்காது. மகன் வழி விடுவான். அம்மா வழியை அடைப்பாள்.

அடுத்த வாரம்: அவள் மகனை யாராவது கொன்றால்?

"விடுவாளா? துரத்திக்கிட்டே வருவா. எங்க ஒளிஞ்சாலும் வருவா!"

அதற்கும் அடுத்த வாரம்: வெட்டியவனைத் துரத்துவாளா, வெட்டச் சொன்னவனையா?

இந்தக் கேள்வியைத் தட்டிவிட்டு அக்கா நகத்தைக் கடித்தாள். தம்பட்டத்துக்குக் கேள்வியின் நாற்றம் தெரியவில்லை. எது அதிக கம்பீரமாக ஒலிக்குமோ அதைத்தான் அவர் எப்போதும் சொல்வார். மேசையைத் தட்டிச் சொன்னார்: "வெட்டினவன் வெறும் கூலி. அவ தேடி வர்றது வெட்டச் சொன்னவனை!"

அன்று சாயங்காலம் சமையலறையில் அக்காவும் தங்கையும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்ததில் கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தார்.

பிறகுதான் தம்பட்டத்துக்கு லேசாக உறைத்தது. வெட்டச் சொல்லப்போவது பேரரசன். பேரரசனுக்கு இருப்பது அவருடைய மூஞ்சி. அறுந்த பொத்தான் அந்த நேரம் பார்த்துக் கயிற்றை நீட்டியது: அவளிடமிருந்து தப்ப வழியே இல்லையா?

"உண்டு, உண்டு," என்று பாய்ந்தார். "சபை நடுவுல உண்மையைச் சொல்லணும். சொன்னா விட்டுடுவா."

எந்த உண்மை?

"அதை... இரண்டாம் பாகம் வெளியாகற அன்னிக்கு மேடையில நானே ஆடிக் காட்டறேன்!"

எந்த உண்மை என்பது அவருக்கும் தெரியாது. ஆனால் வெளியே போய்விட்டது. உலகம் முழுக்க அந்த ஒரு கேள்விதான். பறக்கிற கூட்டம், கல்யாணக் கூட்டம், இளவரசன் கூட்டம், கதவுக் கூட்டம் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொண்டு 'அந்த உண்மை என்ன' என்று அரற்றின. இந்த ஆர்ப்பாட்டத்தைக் கண்டு தம்பட்டத்துக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாவும் தன் கனவில்தான் வந்தாள் என்று ஒரு பேட்டி கொடுத்துவிட்டு, "ஏம்மா, அந்த உண்மையை எதையாவது போட்டு எழுதிடு. நல்லா உருக்கமா இருக்கட்டும்" என்றார்.

"எழுதிடறேன் சார். அனுப்பறேன், ஒரு தடவை படிச்சுப் பாத்துடுங்க."

"படிக்கவா? எனக்கு நேரம் ஏது? மேடையில பாத்துக்கறேன்."

படிக்கச் சொன்னாளா இல்லையா? சொன்னாள். பாவம் ஒட்டாது.

அம்மாவின் நீளமான உடம்புக்கு வால்தான் முக்கியம். வால்காரர் அதில் ராப்பகலாகக் குடியிருந்தார். பூதக்காரி அவர் மேசைக்குப் போய் எழுதியதைக் காட்டினாள். அவர் மெதுவாகப் படித்தார். கன்னத்தில் அடக்கி வைத்திருந்ததைக் கடைசியில் துப்பினார்.

"விழுங்கினா ஆளு எங்க போவான்னு எழுதலியே நீங்க?"

"எங்க போகணும்?"

"வால் வரைக்கும் போகட்டும். போறது வெளியே தெரியணும். கடைசியில வால் நுனி வழியாத் துப்பி, திரும்ப அரியணையிலயே உக்கார வெச்சுடலாம். மறுபடி கேள்வி கேக்கலாம்."

"நீங்க நல்லா இருப்பீங்க," என்றாள் பூதக்காரி. மனசாரச் சொன்னாள்.

வெளியீட்டு நாளன்று அரங்கம் நிரம்பி வழிந்தது. எங்கே திரும்பினாலும் கம்பளிக் கொம்புத் தொப்பிகள். கம்பெனி ஆட்களைக் கடைசி வரிசையில், கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள். பூதக்காரிக்கு ஒரு பக்கம் அக்கா, கறை எடுக்கிற மருந்து வாசனையோடு. வால்காரர் மேடைக்குப் பின்னால் கணினியோடு இருந்தார்.

தம்பட்டம் பளபளக்கிற சட்டையில் வந்து, பெரிய திரைக்கு முன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, ஆடத் தொடங்கினார். திரையில் பேரரசன் கையை ஆட்டினான். முடுக்கன் விழுந்தான். அரங்கம் விசும்பியது. தம்பட்டம் ஓரக்கண்ணால் கூட்டத்தைப் பார்த்துப் பூரித்தார்.

அப்புறம் அவள் வந்தாள். அரண்மனையின் நடைகளே ஒவ்வொன்றாக அசைந்தன. அவை நடைகள் இல்லை, அவள் உடம்பு. எல்லா வாசலையும் அடைத்துக்கொண்டு, அரியணைக்கு எதிரே ஒரு தலை எழுந்தது. கேட்டாள்: "என் பிள்ளையை இந்த உலகத்துக்குப் பெற்றுக் கொடுத்தது யார்?"

கீழே மூன்று பதில்கள் எழுந்தன. நான். தெரியாது. காட்டுகிறேன்.

தம்பட்டத்தின் விரல் தானாகவே முதல் பதிலுக்குப் போனது. வேறெங்கே போகும்? அழுத்தினார்.

லபக்.

எடுப்பான மூக்கோடு ஒரு முகம் அந்தப் பிரம்மாண்டமான தொண்டைக்குள் புடைத்து, அரண்மனை நடை ஒவ்வொன்றின் வழியாகவும் நகர்ந்து நகர்ந்து போவதை ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். மாடிப்படி வளைவில் கொஞ்சம் சிக்கியது. வால் நுனியில் பொத்தென்று வெளியே வந்து அரியணையில் உட்கார்ந்தது. அரங்கம் வெடித்தது.

"என் பிள்ளையைப் பெற்றுக் கொடுத்தது யார்?"

தம்பட்டம் சிரிக்க முயன்றார். "சும்மா வேடிக்கைக்கு," என்று மைக்கில் சொல்லிவிட்டு, மறுபடியும் 'நான்' என்பதையே அழுத்தினார். மறுபடியும் லபக். இந்தத் தடவை மாடிப்படி வளைவில் கூட்டமே சேர்ந்து "ஏலேலோ" போட்டுத் தள்ளியது.

"அக்கா," என்றாள் பூதக்காரி, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல், "எனக்கு ரொம்பப் பசிக்குது."

"வயிறு நிறையப் பாரு," என்றாள் அக்கா.

மூன்றாம் தடவை அவர் பல்லைக் கடித்துக்கொண்டு 'தெரியாது' என்பதை அழுத்தினார். வாழ்நாளில் முதல் முறை. அதற்கும் விழுங்கினாள், பாதி மெல்லவும் செய்தாள். மிச்சம் இருந்தது ஒன்றுதான். அழுத்தினார். திரை முழுக்க ஒரே சொல்: காட்டு.

"காட்டு! காட்டு!" என்று கூட்டம் காலைத் தட்டியது. அவர் மேலே கையைக் காட்டினார். அம்மா உறுமினாள். நெஞ்சில் கை வைத்தார். வாயைத் திறந்தாள். மேடைக்குப் பின்னால் வால்காரர், விழுங்க ஒன்று, விட்டுவிட ஒன்று என்று இரண்டு விரலை இரண்டு பொத்தான்களில் வைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் உட்கார்ந்திருந்தார். கடைசியில் அந்தப் பளபளச் சட்டைக் கை எழுந்து, எல்லாத் தலைகளையும் தாண்டி, கழிவறைக் கதவுப் பக்கம் நீண்டது.

"அதோ... அந்தம்மா."

அம்மாவின் வாய் மூடியது. கீழே கிடந்த மகனை ஒரே நக்கு நக்கினாள். முடுக்கன் தும்மினான், எழுந்தான், இத்தனை பேர் பார்ப்பதைக் கண்டு கூச்சப்பட்டு வயிற்றை எக்கினான். "போங்கம்மா, நான் சுவரோட சுவரா நின்னுக்கறேன்."

கொம்புத் தொப்பிகள் அத்தனையும் ஒரே சமயத்தில் பின்னால் திரும்பின. பூதக்காரி எழுந்து நின்றாள். கைதட்டல் வந்து காதை அடைத்தது. இந்த நேரத்தில் மனசு இளகியிருக்க வேண்டும் என்று யாராவது நினைத்தால் தப்பு. இளகவில்லை. தம்பட்டத்தின் கை இன்னும் நீண்டபடியே இருந்தது. அதை அவள் நிதானமாக, ஒவ்வொரு விரலாகப் பார்த்தாள். பிறகுதான் உட்கார்ந்தாள்.

"போதுமாடீ?" என்றாள் அக்கா.

"இன்னும் ஒண்ணு ஊறுதுக்கா."

உலகம் விளையாட்டை ஆடி முடிக்கக் கொஞ்ச நாள் பிடித்தது. ஆடி முடித்தவர்கள் கடைசியில் ஓடும் பெயர்களைப் பார்த்தார்கள். 'நீ எழுத்தைப் பாரு' என்று தம்பட்டமே சொன்ன பிறகு, இந்தத் தடவை திரையில் வருகிற எழுத்தெல்லாம் பூதக்காரியின் பொறுப்பு அல்லவா? கதை, அவள். உயிரினங்கள், அவள். வால்கள் என்று தனித் தலைப்பில், வால்காரர். கேள்விகள், அறுந்த பொத்தான். அப்புறம் நன்றி: தண்ணீர் கேன் போடுகிறவர், டயர் கடைக்காரர், மேல்வீட்டு இசை வாத்தியார், அலுவலகப் பூனை. பூனைக்கு அடுத்து, தம்பட்டம்.

தம்பட்டம் அவள் மேசைக்கு வந்தபோது கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருந்தது.

"ஏம்மா! என்னம்மா இது? உடனே மாத்து!"

பூதக்காரி நாற்காலியைத் திருப்பினாள். மடியில் பூனை படுத்திருந்தது; இருவருக்கும் சமாதானம் ஆகியிருந்தது.

"வெளிய போயிடுச்சே சார்," என்றாள். "வெளிய போனதை மாத்தக் கூடாதுன்னு சட்டம் போட்டவரே நீங்கதானே?"

அவர் வாயைத் திறந்தார். எதுவும் வரவில்லை. அந்த வாயில் எதுவுமே வராததைப் பார்த்த முதல் ஆள் தான்தான் என்று அவளுக்குத் தோன்றியது. அதை ருசித்து ருசித்துப் பார்த்துவிட்டு, அவர் திரும்பிப் போக வசதியாக நாற்காலியைச் சுவரோரம் இழுத்துக்கொண்டாள்.

"போங்க சார். நான் சுவரோட சுவரா நின்னுக்கறேன்."